பறக்கும் ரயிலுக்கு ஏறிப்போகிற வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தூண்மேல் ஓடுகிற பறக்கும் ரயிலை மெட்ரோ நிர்வாகத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பல வருடப் பேச்சு அது. 2025-ல் ரயில்வே வாரியமும் கொள்கை அளவில் சரி என்று சொல்லிவிட்ட பிறகு, இனி நடந்துவிடும் என்றுதான் வண்டியில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். செய்தியோடு ஒரு படமும் வரும். கம்ப்யூட்டரில் வரைந்த படம். ஏசி பெட்டி, கண்ணாடிக் கதவு, பளபளவென்று பிளாட்பாரம், அதில் கொஞ்சம்கூட வேர்க்காத நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரும் தெருவிலிருந்து அங்கே எப்படி ஏறி வந்தார்கள் என்பது மட்டும் படத்தில் இருக்காது. நான் எழுதவந்தது அதைப் பற்றித்தான்.

கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டித்தான் போடுவீர்கள், தெரியும். எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், படிக்கட்டை மட்டும் விட்டுவையுங்கள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் டாலி வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இருந்தாலும் கணக்கு ‘எழுதுகிறேன்’ என்றுதான் வாயில் வருகிறது. 2007 கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நவம்பரில்தான் வண்டி திருவான்மியூரிலிருந்து வேளச்சேரி வரைக்கும் நீண்டிருந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுவேன், மேலே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியே பிடித்துவிடுவேன். நடுவில் பிரசவத்துக்கும் கொரோனாவுக்கும் விட்டது போக இன்றுவரை சீசன் பாஸ்தான். படி அதே படி. நான்தான் இப்போது பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அதில் ஏறியதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி வரை 19 கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் ஒட்டிப் போய்ச் சேர்த்துவிடும். அதே தூரத்தைக் காலையில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். அடையாறில் ஒரு சிக்னல், மந்தைவெளியில் ஒரு சிக்னல், லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கும் பள்ளத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நமக்கோ மேலே சிக்னலும் கிடையாது, மாடும் கிடையாது, கட்சி ஊர்வலமும் கிடையாது.

அப்புறம் அந்த ஜன்னல். கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் வண்டி போகும்போது காலை வெயில் தண்ணீரில் பட்டுப் பெட்டிக்குள் ஆடும். மயிலாப்பூர் வந்தால் மொட்டைமாடிகளுக்கு மேலே கபாலி கோபுரம் தலை காட்டும். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் கதவு திறந்ததும் கடல் காற்று உள்ளே வந்து, லேடீஸ் பெட்டியில் பாதிப் பேரின் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போகும். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் சாயங்காலம் பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. மொட்டைமாடிகளைப் பார்த்தே இது எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். வடாம் காய்ந்தால் பங்குனி சித்திரை, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தால் பொங்கல் நெருங்கிவிட்டது.

லேடீஸ் பெட்டி ஒரு தனி வீடு. கீரை ஆய்ந்துகொண்டே வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார், மந்தைவெளியில் ஏறுவார், சிந்தாதிரிப்பேட்டைக்குள் ஒரு கட்டு முடிந்துவிடும், தண்டெல்லாம் ஒரு பையில், இலை இன்னொரு பையில், பெட்டியில் ஒரு தூசி விழாது. ஹேர்பின், ஊக்கு, பேனா விற்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர், குரலை வைத்தே எங்களையெல்லாம் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறார். என் பெண்ணுக்குப் பரீட்சை என்றால் இரண்டு பேனா அவரிடம்தான். கண்ணாடிக் கதவு வந்த பிறகு அவர் எங்கே ஏறுவார் என்று கேட்டால் யாரும் பதில் சொல்லப்போவதில்லை. சரி, அது இருக்கட்டும்.

ஆக, வண்டி எனக்குப் பழுதில்லை. பகலில் கால் மணி, இருபது நிமிடம் நிற்கவைக்கிறது, அதைக் குறைத்தால் சந்தோஷம். மற்றபடி ஏறி உட்கார்ந்துவிட்டால் கவலை விட்டது. என் கவலையெல்லாம் ஏறி உட்காருவதற்கு முன்னால் இருக்கிறது.

நான் ஏறும் ஸ்டேஷன் அடையாற்றுக்குத் தெற்கே. பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் அந்த ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து, அதில் விளக்கு எரிவது அமாவாசை பௌர்ணமி மாதிரி, சில நாள் உண்டு, சில நாள் இல்லை. சந்து முடிகிற இடத்தில் ஸ்டேஷன் வாசல். உள்ளே நுழைந்தால் பெரிய கூடம், இரண்டு கல்யாணம் ஒரே நேரத்தில் நடத்தலாம், அவ்வளவு பெரிது. ஆனால் ஆள் இல்லை, கடை இல்லை, ஒரு டியூப்லைட் கவுன்டருக்கு மேலே, இன்னொன்று எங்கோ தூரத்தில். நாய்கள் குடும்பத்தோடு இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தக் கூடத்தைப் பயன்படுத்துவது அவை மட்டும்தான். கழிவறை என்று எழுதியிருக்கும் கதவில் பூட்டு. அந்தப் பூட்டும் துருப்பிடித்துவிட்டது, அதனால் சாவி கிடைத்தாலும் திறக்கும் என்று சொல்வதற்கில்லை.

அதற்கப்புறம் படி. டிக்கெட் கூடத்திலிருந்து ஒரு மாடி, அங்கிருந்து இன்னொரு மாடி, பிறகுதான் பிளாட்பாரம். பக்கத்திலேயே எஸ்கலேட்டர் இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் சரியான சொல். குறுக்கே ஒரு இரும்புத் தடுப்பு, அதில் கட்டியிருக்கும் கயிற்றில் யாரோ குடையைக்கூட மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள், ஒரு வாரம் தொங்கியது. லிஃப்ட் சில மாதம் ஓடும், அப்புறம் ‘பராமரிப்புப் பணி’ என்று ஒரு அட்டை தொங்கும், அட்டை மழையில் நனைந்து எழுத்து கரைந்து போகும் வரைக்கும் பணி நடந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழை நாள். சாயங்காலம் ஏழரை மணி, வண்டியிலிருந்து இறங்கினேன், படிக்கட்டில் விளக்கு இல்லை, கூரை ஒழுகி நடுப்படியெல்லாம் தண்ணீர். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டுதான் இறங்கினேன், எல்லோரும் அப்படித்தான் இறங்குவோம், மேலேயிருந்து பார்த்தால் மலைக்கோயிலுக்குப் பந்தம் பிடித்துப் போகிற மாதிரி இருக்கும். கடைசி நாலு படி இருக்கும்போது கால் வழுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. தூக்கிவிட்ட பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளை எழுப்பிவிட வேண்டிய நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு நாள் லீவு, கட்டு, பிசியோ, எல்லாம் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், தொழில் புத்தி.

கால் சரியானதும் கவுன்டரில் கேட்டேன்.

“சார், எஸ்கலேட்டர் எப்போ சரியாகும்?”

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா, எலெக்ட்ரிக்கல்.”

“விளக்கு?”

“அதுவும் எலெக்ட்ரிக்கல்தான்மா. ஆனா வெளியில சந்துல எரியாத விளக்கு மாநகராட்சி.”

“கூரை ஒழுகுதே சார்?”

“அது சிவில்.”

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் இருக்கிற மனிதர், அவருக்கே மேல்மாடிக்குப் போகப் பயமாக இருக்கிறதாம். புகார் செய்யும் ஆப்பில் போட்டேன், போட்டோவோடு. இரண்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது, தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. ஆசையாகப் போய்ப் பார்த்தேன். தடுப்பில் குடை இல்லை. அதை மட்டும் எடுத்திருந்தார்கள்.

இது ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே படியில் ஏறி இறங்கினால் யோசிக்க நேரம் கிடைக்கும். எனக்குத் தோன்றுவது, கோளாறு வழித்தடத்திலேயே தொடங்குகிறது. ஊருக்கு நடுவே தூண் நட நிலம் எடுப்பது லேசா என்ன? அதனால் பெரும்பகுதி தூரம் பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். கால்வாய் ஊரின் முதுகுப் பக்கம். எந்த வீட்டுக்காரரும் சாக்கடையாகிப்போன கால்வாயைப் பார்த்து வாசல் வைக்கமாட்டார். வீடுகள் எல்லாம் முகத்தைத் தெருவுக்குக் காட்டி, முதுகைக் கால்வாய்க்குக் காட்டி நிற்கின்றன. ரயில் அந்த முதுகுப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் ஸ்டேஷன் வாசல்கள் இப்படிச் சந்தில், மதில் ஓரத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வந்து திறக்கின்றன. வண்டிக்கு அது வசதி, நடந்து வருகிற பெண்ணுக்கு அது வசதி இல்லை. கடைத்தெரு என்றால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், டீக்கடை வெளிச்சம் இருக்கும். மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் என்ன இருக்கும், கொசுதான் இருக்கும்.

இன்னொன்று, யாருடையது என்கிற கேள்வி. எண்பதுகளில் ஒப்புதல் வாங்கிய திட்டம், சேப்பாக்கம் வரைக்கும் வண்டி ஓடவே 1995 ஆகிவிட்டது. 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. முதல் கட்டத்தைக் கட்டியது ரயில்வே பணம், இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசு போட்டது, ஒரு பங்கு ரயில்வே போட்டது. ஓட்டுவது ஒருவர், அடியில் இருக்கும் கால்வாய் ஒருவர் கையில், வாசலில் இருக்கும் நடைபாதை இன்னொருவர் கையில், வாசலுக்கு வராத பஸ் வேறொருவர் கையில். கூட்டுக் குடும்பத்துப் பொதுக் கிணறு மாதிரி, எல்லோரும் தண்ணீர் எடுப்பார்கள், தூர் வார யாரும் இறங்கமாட்டார்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டுவதற்கு 2008-ல் வேலை தொடங்கியது, ஆதம்பாக்கம் தில்லை கங்கா நகர் பக்கம் கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்து, பாலம் வருடக்கணக்கில் பாதியில் அந்தரத்தில் நின்றதை நீங்களே எத்தனை தடவை படம் போட்டிருப்பீர்கள்.

இந்த ரயிலை யார் நம்பியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியவில்லை. 2023 ஆகஸ்டு கடைசியில் பீச்சுக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது பாதை போடுவதற்காக எங்கள் வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். பதினாலு மாதம் ஆயிற்று, 2024 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்தான் மறுபடி பீச் வரைக்கும் போனது. அந்தப் பதினாலு மாதம் நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, படியிறங்கி, கிடைத்த பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ பிடித்து வேலைக்குப் போனோம். என் கடை முதலாளி நல்லவர், பத்து நிமிடம் தாமதத்தைக் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா? கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஹைகோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாக்கள், பூங்கா நகரில் இறங்கி ஜி.எச்.சுக்குப் போகிற நோயாளிகள், அவர்களைப் பற்றி நான் ஒரு கூட்டத்திலும் பேச்சு கேட்டதில்லை.

நோயாளிகள் என்றதும் சொல்லவேண்டும். இந்தப் பாதையில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பூங்கா நகரில் இறங்கினால் அரசு பொது மருத்துவமனை. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி பக்கம் கோஷா ஆஸ்பத்திரி, மாதா மாதம் பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணிகள் எங்கள் பெட்டியில்தான் வருகிறார்கள். கஸ்தூர்பா நகர் பக்கம் புற்றுநோய் ஆஸ்பத்திரி. கீமோ போட்டுக்கொண்டு திரும்புகிற ஒரு அம்மாவை அவர் மகன் இரண்டு மாடி கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். “பரவாயில்லைப்பா, அடுத்த வண்டியில போகலாம்” என்று அவர்தான் மகனைத் தேற்றினார். அந்த அம்மாவுக்கு ஏசி பெட்டி வேண்டுமா, ஓடுகிற லிஃப்ட் வேண்டுமா? 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது, ரயில் நிலையம் எல்லோரும் வந்துபோகிற மாதிரி இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் சக்கர நாற்காலியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதில் யாரோ பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இப்போது மெட்ரோ விஷயத்துக்கு வருகிறேன். சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடுகிறது, கழிவறை திறந்திருக்கிறது, ராத்திரி ஒன்பதரைக்குக்கூட வெளிச்சத்தில் நடந்து வெளியே வரலாம், அதையெல்லாம் பார்க்கிறபோது பொறாமையாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம் கட்டணம்.

என் கணக்குப் புத்தியில் போட்டுப் பார்த்தேன். மெட்ரோவில் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50. வேளச்சேரியிலிருந்து பீச் வரைக்கும் உள்ள தூரத்துக்கு மெட்ரோ கணக்கில் 40 ரூபாய் வரும். போக வர 80, மாதம் இருபத்தைந்து நாளைக்கு 2,000. கார்டில் தேய்த்தால் இருபது சதவீதம் தள்ளுபடி உண்டு, அப்படியும் 1,600. இப்போது எங்கள் இரண்டாம் வகுப்பு மாத சீசனுக்கு ஆகிற செலவு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. புறநகர் சீசனை ஏறக்குறைய பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். 2014 ஜூனில் அந்தப் பதினைந்தை முப்பதாக்கப் பார்த்தார்கள், நாலைந்து நாளில் எதிர்ப்பு கிளம்பிக் கைவிட்டார்கள். 2025 ஜூலையில் நெடுந்தூர வண்டிகளுக்குக் கட்டணம் ஏற்றியபோதுகூடப் புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடவில்லை. தொடக்கூடாது என்று தெரிந்துதான் தொடவில்லை. அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், வீட்டு வேலைக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று போகிறவர்கள், எங்கள் பெட்டியில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இவர்கள்தான். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் 1,600 எடுத்துவைக்கச் சொன்னால் மறுநாள் அவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள், மகளிருக்கு இலவசம் என்கிற பஸ்ஸில், ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு. அப்புறம் பறக்கும் ரயிலில் கூட்டம் குறைந்துவிட்டது, வருமானம் இல்லை என்று ஒரு அறிக்கை வரும். அதையும் நீங்கள்தான் அச்சடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனைச் சரிசெய்யப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அந்தப் பெரிய கூடங்கள் சும்மா கிடக்கின்றனவே. நாய்களுக்கு விட்டிருக்கும் இடத்தில் பாதியைக் காய்கறிக் கடைக்கும், மருந்துக் கடைக்கும், ஒரு இட்லிக் கடைக்கும் வாடகைக்கு விட்டால் வாடகையும் வரும், வெளிச்சமும் வரும், ஆள் நடமாட்டமும் வரும். ராத்திரி எட்டரை மணிக்கு அந்தக் கூடத்தைக் கடக்கிற பெண்ணுக்கு ஒரு போலீஸ்காரரைவிட, மாவு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கடைக்கார அம்மா பெரிய துணை. ஷாப்பிங் மால் எல்லாம் வேண்டாம், மால் கட்டுகிறேன் என்று ஆரம்பித்தால் அது முடிய இன்னொரு பதினைந்து வருடம்.

மயிலாப்பூரில் மெட்ரோ பூமிக்கு அடியில் வருகிறது, இரண்டு பாதைகள் அங்கே சேருகின்றன, பல அடுக்கு ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். எங்கள் வண்டி அதற்கு மேலே மாடியில். பூமிக்கு அடியிலிருந்து ஒருவர் எங்கள் பிளாட்பாரத்துக்கு வரவேண்டுமென்றால் எத்தனை மாடி ஏறவேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா தெரியாது. கீழ்ப்பாதி மெட்ரோ லிஃப்டில் சுகமாக வந்துவிடுவார். மேல்பாதிக்கு எங்களோடு வரிசையில் நின்று கைப்பேசி வெளிச்சத்தில் ஏறவேண்டியதுதான், இரண்டு நிர்வாகமும் இப்போதே உட்கார்ந்து பேசாவிட்டால்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யார் எடுத்து நடத்தினாலும் முதல் ஆறு மாதம் பெட்டிகளைத் தொடவேண்டாம், படிக்கட்டில் விளக்கு, ஓடுகிற லிஃப்ட், திறந்திருக்கும் கழிவறை, வாசல் வரைக்கும் வருகிற ஒரு மினி பஸ், இவ்வளவு போதும். எந்த ஸ்டேஷனில் எந்த எஸ்கலேட்டர் எத்தனை நாளாக நிற்கிறது என்று மாதா மாதம் வாசலில் எழுதிப்போடட்டும், எழுதிப்போட்டால் எழுதுகிறவருக்கே வெட்கமாக இருக்கும், சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள். மாத சீசன் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும், கார்டில் கொடுத்தாலும் சரி, காகிதத்தில் கொடுத்தாலும் சரி. ஒப்பந்தம் போடும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் தலையங்கத்தில் எழுதினால் ஒரு பெட்டி ஜனம் உங்களை வாழ்த்தும்.

உங்கள் நிருபர் யாராவது வந்து பார்க்க விரும்பினால் மழைக்காலத்தில் வரச்சொல்லுங்கள், சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு, வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு. கீரைக்கார அக்காவிடம் சொல்லி ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட் பயணி,
தென்சென்னை.

பின்குறிப்பு: இதை எழுதி ஒரு வாரமாகக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று எங்கள் ஸ்டேஷனில் தடுப்பை எடுத்துவிட்டு எஸ்கலேட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். கீழ்நோக்கி ஓடுகிறது. கவுன்டரில் கேட்டேன், மேல்நோக்கி விட்டால் மோட்டார் சூடாகிறதாம்.